எழுபது யூனிட் ஓவியர்

நான் உயிரோடுதான் இருக்கிறேன் என்று எழுதிக் கொடுப்பதற்காகப் போன மாதம் பழைய ஆபீசுக்குப் போயிருந்தேன். பென்ஷன்காரன் வருடத்துக்கு ஒரு முறை இதை நிரூபிக்க வேண்டும். என் நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருக்கும் கணக்கீட்டாளர் டீ வாங்கிக் கொடுத்தார்.

“அண்ணே, இனிமே நாங்க ஊடு ஊடா போயி ரீடிங் எடுக்க வேணாமாம். மீட்டரே ஆபீசுக்கு நம்பர அனுப்பிடுமாம்.”

“அப்ப உனக்கு என்ன வேலை?”

“அதான்ண்ணே எங்களுக்கும் சந்தேகமா இருக்குது.”

சந்தேகம் வந்துவிட்டதா, தம்பி பிழைத்துக்கொள்வார் என்று நினைத்தேன். மின்சார ஆபீஸ் உத்தியோகத்துக்கு அதுதான் முதல் தகுதி. அவர் விடவில்லை. “திருட்டுக் கரண்டெல்லாம் எப்புடிண்ணே புடிச்சீங்க? எழுதிக் குடுங்க, சங்க மலர்ல போட்டுருவோம்” என்றார். எழுதுகிறேன். ஆனால் இதில் நான் வீரனாக வரமாட்டேன். படித்து முடித்ததும் என் பென்ஷனை நிறுத்தச் சொல்லி யாரும் மனுப் போட வேண்டாம், அவ்வளவுதான் என் கோரிக்கை.

வேலை கற்றுக்கொண்ட வருடங்களைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. சைக்கிள், குடை, லெட்ஜர், நாய். இவற்றில் நாயை மட்டும் நான் கையெழுத்துப் போட்டு வாங்கவில்லை. சந்தேகப்படுவது சீக்கிரமே பழகிவிட்டது. கல்யாண வீட்டுக்குப் போனால் மாப்பிள்ளையைப் பார்க்க மாட்டேன். சீரியல் பல்புக்கு ஒயர் எங்கிருந்து வருகிறது என்று பார்ப்பேன். ஒருமுறை மச்சினன் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது கிரைண்டர் சத்தம் கேட்டு, எச்சில் கையோடு எழுந்துபோய் மீட்டர் ஓடுகிறதா என்று பார்த்தேன். மூன்று வருடம் அந்த வீட்டில் எனக்குச் சோறு கிடையாது.

எங்கள் நடைமுறை எளிது. இரண்டு மாதத்துக்கு ஒரு முறை வீட்டுக்குள் போய், மீட்டரில் இருக்கும் எண்ணைப் படித்து, லெட்ஜரில் ஏற்றி, வீட்டுக்காரரிடம் இருக்கும் வெள்ளை அட்டையிலும் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். ஒரு குடும்பத்தின் அட்டையைப் பத்து வருடம் பார்த்தால் போதும். பெண் கல்யாணமாகிப் போனதும், பையன் கம்ப்யூட்டர் வாங்கியதும், கணவனும் மனைவியும் தனித்தனி அறையில் படுக்க ஆரம்பித்ததும் அதில் தெரியும்.

இருதயராஜின் அட்டையில் எதுவும் தெரியவில்லை. அதற்குக் காரணம் நான்.

இருதயராஜ் ஓவியர். கடலூர்க்காரர். அண்ணாமலை நகரைத் தாண்டி, ஒரு சந்தின் கடைசியில் பழைய நெல் குடோன் ஒன்றை வாடகைக்குப் பிடித்து, அதிலேயே சமைத்து அதிலேயே வரைந்துகொண்டிருந்தார். 2004-இல் என் பார்வைக்கு அந்தப் பகுதி வந்தபோது அவர் வரைந்ததெல்லாம் மனிதர்கள்தான். பூக்காரி, மினிபஸ் கண்டக்டர், முடிவெட்டக் காத்திருக்கும் ஆள். உள்ளே போனால் பத்துப் பேர் நம்மையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். அதில் ஒருவர்தான் உயிருள்ளவர். ஒரு டியூப்லைட், ஒரு ஃபேன். இரண்டு மாதத்துக்கு எழுபது யூனிட், அச்சடித்த மாதிரி.

அந்த டிசம்பரில் சுனாமி வந்தது. அதற்குப் பிறகு கடலோரத்துச் சனங்கள் அவரைத் தேடி வர ஆரம்பித்தார்கள், செத்துப்போனவர்களின் படம் வரைந்து வாங்க. சிலரிடம் ரேஷன் கார்டில் ஒட்டிய தபால்தலை அளவுப் படம் இருந்தது. பலரிடம் அதுவும் இல்லை. வாயால் சொல்வார்கள், இவர் வரைவார். வரைந்த படங்களை மீட்டர் இருக்கும் சுவரில்தான் காயவைப்பார். நான் ரீடிங் பார்க்க வேண்டுமென்றால் இரண்டு பேரை நகர்த்திவிட்டுக் கழுத்தை உள்ளே விட வேண்டும்.

எனக்குப் பயம். இதைச் சொல்ல இப்போது என்ன வெட்கம்? பதினோராயிரம் வோல்ட் லைனுக்குக் கீழே நின்று பீடி குடிப்பேன். அந்த முகங்களுக்கு முன்னால் நிற்க முடியாது. ஒரு நாள் அவரிடம், “எதுக்கு சார் உங்களுக்குத் தொந்தரவு, கார்டை பாய் டீக்கடையில வெச்சுடுங்க, எழுதி வெச்சுடறேன்” என்றேன். அவரும் சரி என்றார். அதன் பிறகு பாய் கடையில் உட்கார்ந்து, டீயைக் குடித்துக்கொண்டே, அந்த வீட்டு மீட்டரை என் ஞானக்கண்ணால் பார்த்தேன். அறுபத்தெட்டு. எழுபத்து மூன்று. அறுபத்தாறு. ஒரே எண்ணைப் போட்டால் சந்தேகம் வரும் என்று கொஞ்சம் ஏற்றியும் இறக்கியும் போடுவேன். அந்த வகையில் நானும் கற்பனைக் கலைஞன்தான்.

இப்படியே மூன்று வருடத்துக்கு மேல் ஓடியது. இதற்குள் அந்தக் குடோனில் என்னென்னவோ நடந்தது. நான் டீக்கடையில் இருந்ததால் எனக்குச் செய்தி மட்டும் வந்துகொண்டிருந்தது.

“ஓவியரு படம் வரையறத உட்டுட்டாரு, தெரியுமா? பழைய டிவியா வாங்கி வாங்கி உள்ள ஏத்தறாரு. எட்டு டிவி எண்ணிட்டேன்” என்றார் பாய்.

“டிவி ரிப்பேர் கத்துக்கிறாரா?”

“ரிப்பேர் கடைக்கு எதுக்கு சன்னலு பூரா கறுப்புத் துணி? ஆளு ஒருத்தரு. உள்ள பேச்சுச் சத்தம் மட்டும் பத்துப் பேரு பேசுறாப்புல வருது. எனக்கென்னமோ திருட்டு வீசிடின்னுதான் தோணுது.”

அப்போது மூலைக்கு மூலை திருட்டு வீசிடி ஓடிய காலம். எனக்கும் அதுதான் தோன்றியது. ஆனாலும் பாருங்கள், எட்டு டிவி என்று கேட்டதும் கிரைண்டர் சத்தத்துக்கே எழுந்து ஓடிய மனுஷன் என்ன செய்திருக்க வேண்டும்? நான் இன்னொரு டீ சொன்னேன். அந்த மாதம் போட்டது எழுபத்தொன்று.

2008 வாக்கில் எங்கள் பிரிவுக்குப் புது உதவிப் பொறியாளர் வந்தார். பெயர் வசந்தா. சத்தம் போட மாட்டார், மெமோ என்று மிரட்ட மாட்டார். நாம் சொல்வதை முழுதாகக் கேட்டுவிட்டு, “அப்புறம்?” என்பார். பேனாவை மூடிவைத்துவிட்டு நம் முகத்தையே பார்ப்பார். அந்த அமைதியைத் தாங்க முடியாமல் நாமே எதையாவது சொல்லித் தொலைப்போம். மறுபடியும் “அப்புறம்?”. எங்கள் ஃபோர்மேன் ஒருவர், டிரான்ஸ்ஃபார்மர் எண்ணெய் பற்றிச் சொல்லப் போய், தன் முதல் காதல்வரை சொல்லிவிட்டு வந்தார்.

ஒரு திங்கட்கிழமை என்னைக் கூப்பிட்டார். மேசையில் ஒரு மொட்டைக் கடிதாசி. குடோனில் திருட்டு வீசிடி ஓட்டுகிறார்கள், கரண்டும் திருட்டு என்று எவனோ எழுதியிருந்தான். பக்கத்தில் என் லெட்ஜர் திறந்திருந்தது.

“கலியமூர்த்தி, எட்டு டிவி இருக்குதாம். நீங்க எழுபது யூனிட்டு போட்டிருக்கீங்க.”

“ஆமா மேடம்.”

“அப்புறம்?”

“சிக்கனமான ஆளு மேடம்.”

“அப்புறம்?”

“அடிக்கடி ஊருக்குப் போயிடுவாரு மேடம்.”

“சரி. மீட்டருக்கு வெளிய தனியா லைன் இழுத்திருக்காருன்னுதானே அர்த்தம்? புதன்கிழமை கடலூர்லேர்ந்து திருட்டுக் கரண்டு புடிக்கிற ஸ்குவாடு வருது. நீங்க இன்னைக்கே போயி உள்ள என்னென்ன ஓடுதுன்னு நோட் பண்ணிட்டு வாங்க. ஸ்குவாடு விசயத்தச் சொல்லாதீங்க.”

மூன்று வருடத்துக்குப் பிறகு அந்தக் கதவைத் தட்டினேன். இருதயராஜ் தாடியெல்லாம் விட்டிருந்தார். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

“வாங்க சார்! ரொம்ப நாளா ஆளையே காணுமே, ஒடம்பு கிடம்பு சரியில்லியோன்னு நெனச்சேன்.”

இது குத்தலா, உண்மையான விசாரிப்பா என்று எனக்குப் புரியவில்லை. மரியாதையாகப் பேசுகிற நுகர்வோரை நம்பாதே என்பது எங்கள் ஆபீஸ் பாடம். உள்ளே போனேன்.

சுவரில் ஒரு முகம்கூட இல்லை. இருட்டு. அரைவட்டமாக எட்டு டிவிகள் தரையில் இருந்தன. ஒவ்வொன்றிலும் இரண்டு கைகள் மட்டும். முகம் கிடையாது, உடம்பு கிடையாது. கைகள் காற்றில் எதையோ தடவிக்கொண்டிருந்தன. கூரையிலிருந்து தொங்கிய ஸ்பீக்கர்களில் பேச்சு.

“மூக்கு சப்பையா இருக்கும்... ரொம்ப இல்ல, இம்மாம்தான்.” ஒரு டிவியில் விரல் மூக்கின் அளவைக் காட்டியது. “முடிய இப்புடி ஒதுக்கி உட்டிருக்கும்.” இன்னொரு டிவியில் ஒரு கை, இல்லாத தலையில் முடியை ஒதுக்கியது. “ஒசரமா? என் தோளு வரைக்கும்.” ஒரு கை தோளுக்கு நேராக வந்து நின்றது. கீழே இறங்கவே இல்லை.

“என்ன சார் இது?” என்றேன்.

“படம் வரைஞ்சு வாங்க வந்தவங்க சொன்னதெல்லாம் அப்பவே டேப் பண்ணி வெச்சிருந்தேன், ஞாபகத்துக்கு. வரைஞ்சு குடுப்பேன். வாங்கிப் பாத்துட்டு, நல்லாருக்குதுங்க, ஆனா இது அவரு இல்லன்னுவாங்க. திருத்துவேன். அப்பவும் இல்ல. ஒரு வருசம் வரைஞ்சேன் சார். அப்புறம்தான் அவுங்க சொல்லும்போது கை போவுது பாருங்க, அதுல அந்த ஆளு இருக்கறது தெரிஞ்சுது. நான் வரைஞ்சதுல இல்ல. திரும்பப் போயி எல்லாரையும் சொல்லச் சொல்லி, கையை மட்டும் வீடியோ எடுத்தேன்.”

“இதுக்கு என்ன பேரு சொல்லுவாங்க?”

“இன்ஸ்டலேஷன்னுவாங்க. அடுத்த மாசம் கடலூர்ல ஒரு ஹால் புடிச்சிருக்கேன். சொன்னவங்க எல்லாரும் வர்றாங்க.”

திருட்டு வீசிடி இல்லை என்பது தெரிந்தது. ஆனால் என் தொழில் புத்தி போகுமா? எட்டு டிவி, எட்டுப் பிளேயர், ஸ்பீக்கர்கள், நாளுக்கு ஏழெட்டு மணி நேரம் என்று மனதுக்குள் பெருக்கிப் பார்த்தேன். தனி லைன் எங்கே என்று கூரையைக் கண்ணால் துழாவினேன், எர்த் குழாயைப் பார்த்தேன். எதுவும் இல்லை. கடைசியில் மீட்டருக்கு வந்தேன். டிஜிட்டல் மீட்டர். சிவப்பு விளக்கு ஒழுங்காகச் சிமிட்டிக்கொண்டிருந்தது. எண்ணைப் படித்தேன். கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி படித்தேன்.

என் கணக்கைவிட மூவாயிரத்துச் சொச்சம் அதிகம்.

ஓவியர் திருடவில்லை. மீட்டர் பொய் சொல்லவில்லை. அந்தக் குடோனில் நின்றுகொண்டிருந்த ஒரே அயோக்கியன் நான்தான்.

ஆபீசுக்குத் திரும்பும் வழியில் லைன்மேன் தங்கராசுவிடம் சொல்லி அழுதேன். எனக்கு மாமன் மகன் முறை. நான் கணக்கீட்டு ஆய்வாளர் பதவி உயர்வுப் பட்டியலில் இருந்த நேரம் அது. ரீடிங் பார்க்காமல் மூன்று வருடம் எழுதினேன் என்று தெரிந்தால் பதவி உயர்வு போகும். வேலையே போனாலும் ஆச்சரியமில்லை.

“இதுக்குப் போயி அழுவியா மச்சான்? மீட்டர் இருந்தாத்தான ரீடிங்கு? நாளைக்குப் பத்துலேர்ந்து பன்னண்டு கரண்டு கட்டு. நீ போயி மீட்டரு மேல இருக்கற ஈயச் சீலை ஒடச்சி உள்ள ஒரு ஸ்குரூவ லேசா தளத்தி வுட்டுட்டு வந்துடு. கரண்டு வந்து லோடு ஏறுனா அதுவே கருகிப் போயிடும். திரை செத்துடும், எண்ணும் செத்துடும்.”

“ஸ்குவாடு வந்து பாத்தா?”

“ஓவியரே எரிச்சிட்டாருன்னு எழுதிட்டுப் போறாங்க. எட்டு டிவி வெச்சிருக்கறவன் எரிக்க மாட்டானா?”

சீல் போடுகிற குறடு, புதுக் கம்பி, ஈயக் குண்டு எல்லாவற்றையும் ஒரு மஞ்சப் பையில் போட்டுக் கொடுத்தான். நல்ல சொந்தக்காரன்.

மேடத்திடம் டிவி எண்ணிக்கையை மட்டும் சொல்லிவிட்டு, மறுநாள் பத்தே காலுக்குப் போனேன். மீட்டர் சரிபார்க்க வேண்டும் என்றேன். “பாருங்க சார்” என்று சொல்லிவிட்டு அவர் உள்ளே காபி போடப் போனார். கரண்டு இல்லாததால் டிவிகள் எல்லாம் குருடாக இருந்தன. பேச்சுச் சத்தம் இல்லை. கறுப்புத் துணி போட்ட சன்னல். பழைய ஈயச் சீலை வெட்டினேன், மூடியைக் கழற்றினேன், ஸ்குரூ டிரைவரை வைத்தேன். ஸ்குரூ எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை. கை நடுங்கியதில் மூன்று தடவை தவறியது. முப்பது வருட சர்வீஸ், ஒரு மீட்டரை உருப்படியாகக் கெடுக்கத் தெரியவில்லை. நாலாவது தடவை பிடித்துக்கொண்டது. கால் சுற்று சுற்றினேன்.

முதுகுக்குப் பின்னாலிருந்து வெளிச்சம் வந்தது.

இருதயராஜ் ஒரு கையில் காபி டம்ளரும் இன்னொரு கையில் டார்ச்சுமாக நின்றிருந்தார். டார்ச்சைச் சரியாக ஸ்குரூவின் மேல் அடித்தார்.

“இருட்டுல எப்புடி சார் பாப்பீங்க? சில நாளு பன்னண்டுக்கு முன்னாலயே கரண்டு வுட்டுடறாங்க. மெயினை ஆஃப் பண்ணட்டுமா?”

“வேணாம்.”

“கை நடுங்குதே சார். காபியக் குடிச்சிட்டுப் பண்ணுங்க.”

ஒரு வீட்டில் திருடப் போகிறவனுக்கு அந்த வீட்டுக்காரரே விளக்குப் பிடித்தால் அவன் என்ன செய்வான்? நான் காபியைக் குடித்தேன். சர்க்கரை ஜாஸ்தி. இந்த ஆளுக்கு ஏதாவது தெரிந்திருக்குமோ என்று ஓரக்கண்ணால் பார்த்தேன். முகத்தில் ஒன்றும் இல்லை. டார்ச் மட்டும் ஆடாமல் நின்றது. டம்ளரைக் கீழே வைத்துவிட்டு அந்தக் கால் சுற்றைத் திருப்பிச் சுற்றினேன். இன்னும் கொஞ்சம் இறுக்கினேன். மூடியைப் போட்டு, புதுச் சீல் போட்டுவிட்டு வந்தேன்.

புதன்கிழமை ஸ்குவாடு வந்தது. வசந்தா மேடமும் வந்தார். ஸ்குவாடு அதிகாரி முதலில் மீட்டரைத் தொடவே இல்லை. கம்பத்திலிருந்து வீட்டுக்கு வரும் ஒயரைக் கையால் தடவிக்கொண்டே வந்தார். அங்கங்கே நின்று நகத்தால் கீறிப் பார்த்தார். பிறகு எல்லாவற்றையும் அணைக்கச் சொன்னார். மீட்டர் விளக்கு நின்றது. எல்லாவற்றையும் போடச் சொன்னார். எட்டு டிவியிலும் கைகள் எழுந்தன. மின்னோட்டம் அளக்கும் டாங் டெஸ்டரை ஒயரில் மாட்டி, அதில் வந்த எண்ணையும் விளக்குச் சிமிட்டும் வேகத்தையும் கடிகாரம் வைத்து ஒப்பிட்டார். சரியாக இருந்தது. அவருக்கு ஏமாற்றம். அப்போதுதான் சீலைப் பார்த்தார்.

“இந்தச் சீல் புதுசு. ஈயம் இன்னும் மின்னுது.” ஓவியர் பக்கம் திரும்பினார். “மீட்டர யாருய்யா தொறந்தது? சீல் ஒடச்சாலே கேஸு. ஸ்டேஷனுக்குப் போவணும். இந்த டிவியெல்லாம் எடுத்து வண்டில ஏத்துங்க.”

ஓவியர் டிவிகளைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்க்காமல் தரையைப் பார்த்தார்.

“சார்” என்றேன். “அந்தச் சீல் நான் போட்டது.”

மேடம் என் பக்கம் திரும்பினார். பேனாவை மூடினார்.

“அப்புறம்?”

“மீட்டர் சரியாத்தான் ஓடுது மேடம். என் லெட்ஜர்தான் பொய்யி.”

“அப்புறம்?”

“மூணு வருசமா டீக்கடையில உக்காந்து எழுதுனேன். உள்ள வரல.”

“ஏன்?”

‘அப்புறம்?’ போய் அவர் ‘ஏன்?’ என்று கேட்டது அன்றைக்குத்தான்.

“பயமா இருந்துது மேடம். செவுத்துல செத்தவங்க படம்.”

ஸ்குவாடு அதிகாரி சிரித்துவிட்டார். மேடம் சிரிக்கவில்லை. டிவியில் தோளுக்கு நேராக நின்றுகொண்டிருந்த அந்தக் கையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு ஓவியரிடம், “இதையெல்லாம் விப்பீங்களா?” என்று கேட்டார்.

“யாரு மேடம் வாங்குவாங்க?”

“அப்ப இது கடை இல்ல, வீடுதான். வீட்டுக் கட்டணமே போதும்” என்று எழுதிக்கொண்டார். விட்டுப்போன யூனிட்டுகளை ஓவியர் தவணையில் கட்டலாம் என்றும் எழுதினார். டிவிகள் தப்பின. நான் தப்பவில்லை.

சார்ஜ் மெமோவில் இரண்டு குற்றங்கள். பொய் ரீடிங் எழுதியது ஒன்று. அதற்குச் சம்பள உயர்வு வெட்டுதான் தண்டனை. இரண்டாவதுதான் கழுத்துக்குக் கத்தி: ஸ்குவாடு வருவது தெரிந்தும் முந்தின நாள் மீட்டரைத் திறந்தது, அதாவது தடயத்தை அழிக்க முயன்றது. நிரூபணமானால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். கடலூரில் விசாரணை. ஒரே சாட்சி இருதயராஜ்.

அவர் நல்லது சொல்வார் என்று நான் நம்பவில்லை. எதற்குச் சொல்ல வேண்டும்? என்னால் அந்த மனிதருக்குத் திருடன் பட்டம் வரப் பார்த்தது, மூவாயிரம் யூனிட் தலையில் விழுந்தது. விசாரணை அறைக்கு வெளியே பெஞ்சில் ஒன்றாக உட்கார்ந்திருந்தோம். “கண்காட்சி நல்லா நடந்துதா?” என்றேன். “வந்தாங்க சார். அவுங்க கையவே அவுங்க பாத்துட்டு நின்னாங்க” என்றார். அதற்குள் உள்ளே கூப்பிட்டார்கள்.

உள்ளே விசாரணை அதிகாரி அவரிடம் கேட்டார்: “இவர் மீட்டரைத் திறந்ததை நீங்க நேர்ல பாத்தீங்களா?”

“நான் காபி போடப் போயிருந்தேன் சார். தொறந்தத பாக்கல. மூடுனத பாத்தேன். நான்தான் டார்ச் புடிச்சேன்.”

“மூடும்போது என்ன பண்ணாரு?”

“லூசா இருந்த ஸ்குரூவ இறுக்குனாரு.”

“அப்படியா? வேற ஏதாவது?”

“இல்ல சார். இறுக்கி, மூடி, சீல் போட்டுட்டுப் போயிட்டாரு.”

அதிகாரி எழுதிக்கொண்டார். இரண்டாவது குற்றம் நிரூபிக்கப்படவில்லை. எனக்கு இரண்டு சம்பள உயர்வு வெட்டு; பதவி உயர்வு மூன்று வருடம் தள்ளிப்போய், 2012-இல்தான் வந்தது.

வெளியே வந்ததும் பஸ் ஸ்டாண்டுவரை கூடவே நடந்தேன். சிதம்பரம் பஸ்ஸில் இடம் பிடித்து உட்கார்ந்த பிறகும் மனது அடங்கவில்லை. கேட்டே விட்டேன்.

“சார், நான் எதுக்கு வந்தேன்னு அன்னைக்கு உங்களுக்குத் தெரியுமா?”

“தெரியும். பதினஞ்சு வருசம் ஆளுங்களப் பாத்து வரைஞ்சவன் சார் நான். நம்ம வீட்டுக்குள்ள ஒருத்தர் திருட்டுத்தனமா நின்னா முதுகு சொல்லிடும்.”

“தெரிஞ்சுமா டார்ச் புடிச்சீங்க?”

அவர் சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

“பின்ன? உங்க கை நடுங்குன நடுக்கத்துக்குக் கரண்டு திடீர்னு வந்திருந்தா என்ன ஆவறது? நாளைக்கி உங்க வீட்டுக்காரம்மா எங்கிட்ட வந்து, மூக்கு இப்புடி இருக்கும், மீசை இப்புடி இருக்கும்னு சொல்லுவாங்க. மொகம் வரையறதத்தான் நான் விட்டுட்டேனே சார்!”

சிதம்பரம் வரும்வரை நான் என் மூக்கைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டே வந்தேன்.